கலவையும் கையொப்பமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இச்சங்கத்தின் விழாவில் ‘கல்வியின் மேன்மை’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்திருந்தார்கள். அதனைப் பற்றிப் பேச நம்மினும் வல்லார் இம்மேடையிலேயே இருக்கின்றனர். அன்றியும், பள்ளிக்கூடத்தின் பெருமையை ஆண்டுதோறும் பேசிப் பேசி நமக்கே சற்றுச் சலிப்புத் தட்டிவிட்டது. ஆகவே தலைப்பை மாற்றிக்கொள்ள இசைவு வேண்டினோம். பள்ளிக்கூடம் என்பதில் பள்ளியைப் பற்றிப் பிறர் பேசட்டும். கூடத்தைப் பற்றி, அதாவது சுவர், தூண், உத்தரம், தளம் இவற்றைப் பற்றி நாம் பேசுகின்றோம்.

நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, அரசுப் பள்ளியில் பணியாற்றி வருபவர். ஆயினும் எமது அன்னையார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தே கழித்தவர். இங்கே கூடியிருப்போரில் ஒரு பாதியினர் கட்டட வேலையால் பிழைக்கும் குடும்பத்தினர். மறுபாதியினர் அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடுகளில் வாழ்பவர். இரண்டிலும் இருப்பவர்களே மிகுதி. பிறருக்குக் கட்டிக் கொடுப்பவர்களும் நாம். பிறர் கட்டிக் கொடுத்ததில் குடியிருப்பவர்களும் நாம். எனவே இவ்வழக்கில் நமக்கு இரண்டு பக்கத்திலும் நிற்க வேண்டிய கடமை உண்டு.

2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் விடியற்காலை, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரவெல்லாம் பெருமழை. ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டி, வசதி படைத்த ஒருவர் தம் வீட்டுக்கு எழுப்பியிருந்த சுற்றுச்சுவர், ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள கருங்கற் சுவர், உறங்கிக்கொண்டிருந்த மக்களின் வீடுகள்மேல் சாய்ந்தது. 17 பேர் மாண்டனர். தாங்குதூண் இல்லாமல் இத்துணை உயரம் எழுப்பியிருக்கின்றனரே என்று அக்குடியிருப்பினர் முன்னரே முறையிட்டு வந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதனைத் தீண்டாமைச் சுவர் என்றே அவர்கள் அழைத்தனர்.

அச்சுவர் எந்நோக்கத்தில் எழுப்பப்பட்டது என்பதைப் பற்றிப் பலரும் பேசினர், பேச வேண்டியதுதான். ஆனால் அது எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை நம் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. கணக்கு எளியது. ஒரு சுவரின் பின்னால் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மீதும் அது 500 கிலோ எடையளவு தள்ளுகிறது. 2 மீட்டர் தேங்கினால் 1,000 அன்று, 2,000 கிலோ. 3 மீட்டர் எனில் 4,500 கிலோ. உயரம் இருமடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். நீரில் ஊறிய மண்ணும் தன் பங்குக்குத் தள்ளும். இதனால்தான் மண்ணையோ நீரையோ தாங்கி நிற்கும் சுவருக்கு அடி அகலமாக இருக்க வேண்டும், இடையிடையே முட்டுத்தூண் வேண்டும், நீர் வெளியேற வடிதுளைகள் வேண்டும் என்று பொறியாளர் வகுத்துள்ளனர். ‘மதில்தானே’ என்று மேஸ்திரியின் கண்ணளவில் அடுக்கிக்கொண்டே போவது, ஒரு நல்ல மழை வரும்வரை நிற்கும். அடுத்த முறை உங்கள் தெருவை ஒட்டி ஒரு சுவர் உயரக் கண்டால், அதன் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். முறையிடும்போது ‘பயமாக இருக்கிறது’ என்று எழுதுவதைவிட ‘வடிதுளை இல்லை, முட்டுத்தூண் இல்லை, உயரம் இவ்வளவு’ என்று எழுதும் மனுவை ஒதுக்கித் தள்ளுவது அலுவலருக்குக் கடினம்.

இனி, நம் தலைக்குமேல் இருப்பதற்கு வருவோம். காங்கிரீட் தளம் என்பது சிமெண்ட், மணல், ஜல்லி, நீர், கம்பி ஆகிய ஐந்தும் சேர்ந்தது. இந்நாட்டில் இதற்கென்று முறையான தரநூல் உண்டு. ஐ.எஸ். 456 என்பது அதன் பெயர். 2000-ஆம் ஆண்டில் அது திருத்தப்பெற்றது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல் முதன்முதல் வெளிவந்து, பலமுறை திருத்தப்பெற்று, 2016-இல் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே விதி இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 20 என்னும் தரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. 28 நாள் கழிந்தபின் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதே அதன் பொருள். கையால் அளந்து கலக்கும் இடங்களில் ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்பது வழக்கம்.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அடிக்கு 20 அடி. தளத்தின் கனம் 5 அங்குலம். முறைப்படி கலந்தால் சுமார் 38 மூட்டை சிமெண்ட் ஆகும். ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நான்கு என்று கலவையை நீட்டிவிட்டால் 30 மூட்டையில் முடிந்துவிடும். கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. இரண்டும் சாம்பல் நிறமே. மிச்சமாகும் மூட்டை எட்டு. மூட்டை 400 ரூபாய் என வைத்துக்கொண்டால் 3,200 ரூபாய். நாற்பது குழந்தைகளின் தலைக்கு மேலுள்ள கூரையின் வலிமையில் கால்பங்கு இந்தத் தொகைக்கு விற்கப்படுகிறது. ஊழல் என்றவுடன் கோடிகளை நினைத்துக்கொள்கிறோம். எட்டு மூட்டையும் ஊழல்தான்.

நீரைப் பற்றி ஒரு சொல். சிமெண்டைத் திருடுவதற்குத் திருடன் வேண்டும். நீரை மிகுதியாக ஊற்றுவதற்கு நம் வீட்டுப் பிள்ளை போதும். எம் 20 கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் ஆகாது என்பது அளவு. மணலில் உள்ள ஈரமும் அதில் அடங்கும். 20 லிட்டர் வாளியில் ஒன்றரை வாளி. ஆனால் கலவை இறுகி நின்றால் இழுத்துப் பரப்பக் கை வலிக்கும், நேரம் பிடிக்கும். ‘தண்ணியை விடு’ என்று ஒரு குரல் வரும். மிகையாக விட்ட நீர் பின்னர் ஆவியாகிப் போய், அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். அத்துளை வழியே ஈரம் நுழையும், கம்பி துருப்பிடிக்கும், துரு, இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும், அடியிலுள்ள காங்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். நம் தொகுப்பு வீடுகளில் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதற்கு விதியும் காலமும் காரணமல்ல. கம்பிக்கும் பலகைக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய 20 மில்லிமீட்டர் இடைவெளியை விடாததும், மிகுதி நீரும், நனைக்காமல் விட்டதுமே பெரும்பாலும் காரணம். இடைவெளிக்கு வைக்கும் கவர் பிளாக் என்னும் சிறு கட்டி சில ரூபாய்ப் பொருள். அதற்குப் பதில் ஜல்லியை முட்டுக் கொடுத்துவிட்டு, மேலே நடக்கும்போது அது நழுவிப்போவதை நாமே பார்த்திருக்கிறோம்.

கம்பியின் கணக்கு மாணவர்க்கு மிகவும் பிடிக்கும். விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர்க் கம்பியின் எடை கிலோவில் வரும். 10 மி.மீ. கம்பி எனில் மீட்டருக்கு 0.617 கிலோ; 12 மீட்டர் நீளம் சுமார் 7.4 கிலோ. தராசில் போட்டுப் பார்த்தால் கம்பி தன் உண்மையைத் தானே சொல்லிவிடும். வரைபடத்தில் 10 மி.மீ. என்றிருக்க, களத்தில் 8 மி.மீ. கட்டினால், வெறும் 2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டால் 36 விழுக்காடு இரும்பு காணாமற் போயிருக்கும். 15 சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி என்பதை 20 சென்டிமீட்டர் ஆக்கினால் கால்பங்கு போகும். காங்கிரீட் கொட்டியபின் இதனைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே போன்ற கருவி வேண்டும். கொட்டும் முன் கண்டுபிடிக்க ஒரு முழக்கோல் போதும்.

திருட்டே இல்லாமலும் உயிர் போகும் என்பதற்குச் சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு சான்று. ஒருபக்கம் மட்டும் பிடித்து நிற்கும் அதற்கு முதன்மைக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். கலவை கொட்டும்போது அதன்மேல் ஏறி மிதித்தால் கம்பி அடிக்குப் போய்விடும். பணம் எவரும் எடுக்கவில்லை. முட்டைப் பிரித்த அன்றோ, பத்தாண்டு கழித்து ஒருவர் அதில் ஏறி நின்ற அன்றோ, அது விழும். கட்டட வேலைக்குச் செல்லும் தம்பிகள் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

இப்போது எமது பள்ளியின் கதை. சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநேரம் எண்ணினோம். பிறர் குற்றத்தை மட்டும் பேசிவிட்டு இறங்குவது முறையன்று என்பதால் சொல்கின்றோம்.

நாம் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதற்பள்ளியில் இரண்டு புதிய வகுப்பறைகள் கட்டி முடிக்கப்பட்டன. திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்நாளில் எமது அன்னையார் எம்முடன் இருந்தார்கள். ஒரு மாலை, புதுக்கட்டடத்தைக் காட்டலாம் என்று பெருமையுடன் அழைத்துச் சென்றோம். அவர்கள் சுவரைச் சுற்றி நடந்து, ஓரிடத்தில் நின்று, கட்டைவிரல் நகத்தால் பூச்சைக் கீறினார்கள். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “இதுல சிமிட்டி பட்டினி கெடக்குதுய்யா” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஒப்படைப்புச் சான்றுடன் அலுவலர் வந்தார். கையொப்பமிடச் சற்றுத் தயங்கினோம். அவர் சிரித்துக்கொண்டே, “சார், கட்டடம் இருக்கிறது என்பதற்குத்தான் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள், பலமாக இருக்கிறது என்பதற்கு அல்ல. அதற்குப் போட வேண்டியவர்கள் போட்டுவிட்டார்கள்” என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். திறப்பு விழா நாள் நெருங்கிவிட்டது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் படிக்கின்றனர். மறுத்தால் பணம் திரும்பிப் போய்விடும் என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் நம்மையே நோவார்கள். கையொப்பமிட்டோம். அன்னையாரிடம் அன்று மாலை அதனைச் சொல்லவில்லை.

நான்காவது மழைக்காலத்தில், ஒரு சனிக்கிழமை இரவு, அவ்வறையின் மேற்பூச்சும் அதனுடன் காங்கிரீட்டின் ஒரு பாளமும் பெயர்ந்து மூன்றாம் பலகைமேல் விழுந்தன. திங்கட்கிழமை காலை நாம் போய்ப் பார்த்தபோது பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. மூன்றாம் பலகையில் அமரும் நான்கு பெண்குழந்தைகளின் பெயரும் எமக்குத் தெரியும். அவ்வறையைப் பூட்டினோம். மனு எழுதினோம், நினைவூட்டு எழுதினோம், மீண்டும் எழுதினோம். பார்வையிட ஒருவர் வந்து, வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்றார். பூட்டிய அறைக்கு ஏன் பூட்டு என்று விளக்கம் கேட்டுத்தான் ஓர் ஓலை வந்தது. பிள்ளைகள் பழையபடி வேப்பமரத்தடிக்கே சென்றனர்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்துச் சிதைந்தவற்றை இடிக்குமாறு அரசு ஆணையிட்டது. நம் பூட்டிய அறைக்கும் சில நாட்களில் அலுவலர்கள் வந்தனர், சிவப்பு மையில் குறியிட்டனர், இடித்தனர். இடிக்கும் வேலைக்கு வந்தவர் கடப்பாரையால் இரண்டு அடி அடித்துவிட்டு, “இதுக்கு மிஷினே வேணாம் சார்” என்றார். நம் மனுக்கள் செய்யாததை மூன்று பிள்ளைகளின் சாவு செய்தது. அம்மூன்று பெற்றோரின் முகத்தைச் செய்தித்தாளில் கண்டபோது, அந்தச் சான்றில் இட்ட கையொப்பமே நினைவுக்கு வந்தது. அன்று நாம் செய்திருக்க வேண்டியது மறுப்பதுகூட அன்று, ‘பூச்சு நகத்தால் கீற உதிர்கிறது, கனசதுரச் சோதனை முடிவு எம்மிடம் காட்டப்படவில்லை’ என்று கையொப்பத்தின் மேல் இரண்டு வரி எழுதியிருக்கலாம். அவ்விரண்டு வரிகளை எழுத எந்தச் சட்டமும் தடையாக இல்லை. எமக்கு எழுதத் தெரியாதா? எம்.ஏ. படிக்கவில்லையே தவிர, எழுதத் தெரியும்.

நகரத்தில் இருக்கும் நம் உறவினர்களின் நிலை இதனின் வேறன்று. சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காப் பகுதியில், குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடியில் பூச்சு கையால் தொட உதிர்ந்ததை 2021 ஆகஸ்டில் தொலைக்காட்சிகள் காட்டின. சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு அரசு ஆய்வு செய்தது. பூச்சு உதிர்வதனால் மட்டும் கட்டடம் விழுந்துவிடாது என்பது உண்மைதான். பூச்சு ஆடை, காங்கிரீட்டே உடல். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஆடையிலேயே கைவைத்தவர்கள் உடலை விட்டுவைத்தார்களா என்ற ஐயம் குடியிருப்பவனுக்கு எழாதா? அவன் ஒவ்வோர் இரவும் அதன்கீழ்தானே படுக்க வேண்டும்?

அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுதி முழுதாகத் தரைமட்டமாயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. விரிசல் விடுவதைக் குடியிருந்தோர் கண்டு, அனைவரும் வெளியேறிவிட்டனர். அவர்களுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. தங்கள் சுவரைத் தாங்களே படித்தனர். எழுத்தறிவு என்பதில் இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. பூச்சில் சிலந்தி வலைபோல் ஓடும் மெல்லிய கீறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், உத்தரத்தின் நீளவாக்கில் துருக்கறையுடன் ஓடும் விரிசல், நேற்று மூடிய கதவு இன்று மூடாமல் நிற்பது: இவற்றைக் கண்டால் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதுங்கள். ஒரு வாரத்தில் முனை கோட்டைத் தாண்டினால் அது உயிருள்ள விரிசல். குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவதும் உண்டு. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். தூணில் காங்கிரீட் பிதுங்கினாலோ, ‘சடசட’ என்று ஓசை கேட்டாலோ கோடு கிழித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான்.

வெளியே வரும் உரிமை எல்லோர்க்கும் இருப்பதில்லை. வங்காளதேசத்தில் டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. மேல்மாடிகள் அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. கடைகளுக்கென்று கட்டியதில் ஆடைத் தொழிற்சாலைகளின் கனத்த இயந்திரங்களை ஏற்றியிருந்தனர். 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மறுநாள் காலை வேலைக்கு வருமாறு நிர்ப்பந்தித்தனர். 24-ஆம் தேதி காலை கட்டடம் விழுந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே விரிசல், வங்கி எழுத்தருக்கு விடுமுறை, தையற்காரிக்குச் சாவு. நாம் வரலாற்று ஆசிரியர் என்பதால் இடையே ஒன்று சொல்ல அனுமதியுங்கள். ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோன் மன்னன் ஹமுராபி வகுத்த சட்டத்தில், கட்டிய வீடு விழுந்து உரிமையாளன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்று இருக்கிறது. ஏழாம் வகுப்பில் இதனைச் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதற்குப் பின்வரும் விதிகளுள் ஒன்றையும் படிக்க வேண்டும்: இறந்தவன் அடிமையாயின், வேறோர் அடிமையைக் கொடுத்தால் போதும். இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்படும் போதெல்லாம் எமக்கு அந்த அடிமை விதியே நினைவுக்கு வருகிறது.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 சனிக்கிழமை மாலை, கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கட்டட வேலையாட்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் அவர்களுள் பலர். பக்கத்திலிருந்த இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்த்தனர். வீடு வாங்கப் பணம் கட்டியவர்கள் பணத்தை இழந்தனர். கட்டியவர்கள் உயிரை இழந்தனர்.

இவ்வளவு விதிகள் இருந்தும் இது எப்படி நடக்கிறது? ஒப்பந்தம் எடுப்பவர் ஒருவர். அவரிடமிருந்து கீழ்க்குத்தகை எடுப்பவர் இன்னொருவர். அவரிடமிருந்து கூலிக்கு எடுத்துச் செய்பவர் மேஸ்திரி. ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு உதிரும். ஒப்பம் பெறவும் பட்டியல் தேறவும் கொடுக்க வேண்டியது வேறு. இறுதியில் செங்கல்லையும் கலவையையும் தொடுபவரிடம் வந்து சேரும்போது குறைப்பதற்கு மிஞ்சியிருப்பவை பொருளும் கூலியுமே. மண்ணுக்குள் மறையும் அஸ்திவாரத்தையும் காங்கிரீட்டுக்குள் மறையும் கம்பியையும் மூடுமுன் நேரில் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது முறை. ஒரே நாளில் பல ஊர்ப் பணிகளைப் பார்க்க வேண்டிய பொறியாளர், அலுவலக மேசையிலேயே அதனை எழுதி முடிக்கும் நிலை வந்துவிடுகிறது. எல்லாப் பொறியாளரையும் நாம் பழிக்கவில்லை. எமது பள்ளிக்கே பின்னாளில் வந்த ஓர் இளம்பெண் பொறியாளர், கட்டிய கம்பியைப் பிரிக்கச் சொல்லி, அந்த வேலை முடியும்வரை வெயிலில் நின்றதைக் கண்டிருக்கிறோம்.

1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர் அவர்கள், அவ்வாண்டு அரசுக்கு அளித்த கோரிக்கை மனுவில், பொதுப்பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினர்க்கு உரிய இடம் இல்லாதிருப்பதையும் ஒரு குறையாகச் சுட்டினார்கள். இன்று நம்மவரிலும் ஒப்பந்தக்காரர்கள் தோன்றியிருக்கின்றனர், மகிழ்ச்சி. ஆனால் நம்மவர் என்பதற்காக அவரது கலவையை நகத்தால் கீறிப் பார்க்காமல் விடலாகாது. சென்ற ஆண்டு நம் தெருவில் ஒரு வேலையில் இது நேர்ந்தது; பெயர் வேண்டாம்; அவரும் இவ்வரங்கில் இருக்கிறார்; பின்னர் அவரே இடித்துச் சரி செய்துகொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இளைஞர்களே, உங்கள் கையில் இருக்கும் கருவிகள் பலவற்றை நீங்கள் அறியாதிருக்கிறீர்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகித நகல் கேட்பதற்கு மட்டுமானது என்றே பலரும் எண்ணுகின்றனர். அரசுப் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துச் செல்லவும் அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவே உரிமை வழங்குகிறது. மதிப்பீடு, அளவுப் புத்தகம், கனசதுரச் சோதனை முடிவு ஆகிய மூன்றையும் கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணமும் இல்லை. ஊரகப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஒப்பந்தக்காரரை ஈடுபடுத்தக்கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது நெறிமுறை. ‘நாங்களே முடித்துத் தருகிறோம்’ என்று வாசலில் வந்து நிற்பவரிடம் வங்கிப் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். தவணைப் பணம் விடுவிக்கக் கையூட்டுக் கேட்டு வற்புறுத்தினால், 2018 திருத்தத்திற்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளியே. ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் முறையிட்டால் அவருக்கு விலக்கு உண்டு. ஏழாம் நாளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக நம் சங்கத்தின் வேலைக்கு வருகிறோம். படிப்பகத்தின் மாடித்தளம் வரும் ஞாயிறன்று போடப்படுகிறது. 30 அடிக்கு 18 அடி. கனம் 5 அங்குலம். தளத்துக்கு மட்டும் 51 மூட்டை, உத்தரங்களுக்கு வேறு. செயற்குழுவின் இசைவுடன் சில ஏற்பாடுகள் செய்திருக்கின்றோம். காலி மூட்டைகளை எண்ணி அடுக்குவது பத்தாம் வகுப்பு மாணவியர் இருவரின் பொறுப்பு. அவர்கள் எழுதும் எண்ணிக்கையே கணக்கில் ஏறும். நீர் வாளிகளில் சிவப்புக் கோடு போட்டாயிற்று. கோட்டுக்கு மேல் ஊற்றச் சொல்பவர் சங்கத் தலைவராக இருப்பினும் ஊற்ற வேண்டாம். கலவை ஆறு கன மீட்டரைத் தாண்டுவதால் இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்றாக ஆறு கனசதுரங்கள் எடுக்க வேண்டும். அச்சுகளைப் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் கடன் வாங்கியுள்ளோம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கம்பி சரிபார்ப்பு. முழக்கோலும் தராசும் கொண்டு வருகிறோம், கணக்குத் தெரிந்த பிள்ளைகள் வரலாம். பாத்தி கட்டிப் பத்து நாள் நீர் நிறுத்தும் முறைப்பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் 4-ஆம் நாளுக்கும் 8-ஆம் நாளுக்கும் இன்னும் ஆள் பெயர் இல்லை. பதினான்கு நாளைக்கு முன் எவரும் முட்டைப் பிரிக்கக் கூடாது. இடையில் திருமணம் ஒன்றுக்குக் கூடம் கேட்டிருக்கின்றனர், அவர்களிடம் சொல்லியாயிற்று. 28-ஆம் நாள் வரும் சோதனை முடிவு, தேறினாலும் தேறாவிட்டாலும், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும்.